மருந்தின் முதற் கூற்று

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று அதன் ஈற்றுக் குறள் கூறுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், தீர்க்கும் மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்பன அந்நான்கும்.

எண்ணிய முறையை உற்று நோக்குதல் வேண்டும். வள்ளுவர் மருத்துவனை முன்வைத்தாரல்லர். மருந்தையும் முன்வைத்தாரல்லர். நோயாளியையே முன்வைத்தார். உரை கண்ட பரிமேலழகரோ ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டுகின்றார். நோயாளிக்குரியனவாக அவர் கூறுவன: பொருள் உடையவனாதல், மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மை, மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல் என்பனவாம்.

இக் குறளை முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே படிப்பித்து வருகின்றேன். நோயாளியை ஏன் முதலில் வைத்தார் என்று மாணாக்கர் கேட்பர். நோயாளி இல்லையாயின் ஏனை மூன்றுக்கும் வேலை இல்லை. ஆதலால் அவன் முதலில் நின்றான் என்று விடை கூறுவேன். அது பிழையான விடை என்று சொல்ல முடியாது. பரீட்சைக்கும் அது போதும். ஆனால், பரிமேலழகர் கூறிய மூன்றாவது இயல்பிலே நான் ஒருநாளும் தரித்து நின்றதில்லை. நோயாளிக்குச் சொல்லும் வன்மை வேண்டுமாயின், அச்சொல்லைக் கேட்குஞ் செவியும் எங்கேனும் இருத்தல் வேண்டுமன்றோ? செவி இல்லாத இடத்தில் அவ் வன்மை என்ன பயனைத் தரும்?

இக் கேள்வியை என்னுள் எழுப்பியவர் உரையாசிரியர் அல்லர். என்னிடம் படித்த ஒரு மாணவர்.

ஓர் அறிக்கையின் கதை

எங்கள் பகுதியிலே நீண்டகால நோயாளருக்கு உதவும் ஒரு தரும சங்கம் உண்டு. பெயர் வேண்டா. சிறுநீரகஞ் செயலிழந்து, கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவர்களே அதன் உதவியைப் பெறுவோரிற் பெரும்பாலார். தலைவர், காரியதரிசி, தனாதிகாரி எல்லாரும் கண்ணியமானவர்கள். சங்கத்தின் பணத்தில் ஒரு சதந்தானும் பிழையாகப் போனதில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

அச் சங்கத்தின் உபதலைவருள் நானும் ஒருவன். எனக்கு அங்கே உள்ள வேலை தமிழ் வேலை. ஆண்டறிக்கையை நானே எழுதுவேன். கொடையாளருக்கு வாழ்த்துப்பா இயற்றுவேன். கல்வெட்டுக்கு வாசகம் வேண்டுமென்றால் என்னிடந்தான் வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிக்கையிலே ஒரு குடும்பத்தைப்பற்றி ஒரு பக்கம் எழுதினேன். என் பழைய மாணவர் ஒருவரின் குடும்பம் அது. முப்பது வயதைத் தாண்டாத நிலையில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. துயர்க்கடலிலே துரும்பாய் அலையுங் குடும்பம் என்று தொடங்கினேன். அன்னையின் கண்ணீரைப்பற்றி எழுதினேன். மணமாகாத் தங்கையைப்பற்றியும் எழுதினேன். பக்கத்தின் மேலே அவருடைய படத்தையும் பெயரையும் அச்சிட்டார்கள். அறிக்கை வெளிநாட்டிலுள்ள எங்களூரவர்க்கும் போயிற்று. பணம் வந்தது. தலைவர் என்னைப் பாராட்டினார்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த மாணவரும் மேடையோரத்தில் இருந்தார். உதவிப் பொதி பெறுவதற்காக அவரையும் வேறு சிலரையும் வரிசையாக இருத்தியிருந்தார்கள். அரிசி, பால்மா, ஒரு படுக்கை விரிப்பு என்பன பொதியில் இருந்தன. பொதியை வாங்கியபின் அவர் எழுந்து, இரண்டு நிமிடம் பேசலாமோ என்று கேட்டார்.

"நேரம் போய்விட்டது, தம்பி. எழுதித் தாரும். செயற்குழுவிலே பார்ப்போம்" என்றார் தலைவர்.

அவர் எழுதிக் கொடுத்தார். அக் கடிதம் செயற்குழுவுக்கு வரவில்லை. காரியதரிசியின் கோவையிலே கிடந்தது. பொய் சொல்லப்படாது, அதைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்ற நினைவு எனக்கும் வரவில்லை.

ஒரு மாதங் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கடிதத்தில் எழுதியதைச் சொன்னார். தூரக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளர் விடியற்காலம் நான்கு மணிக்கே புறப்படுகின்றார்கள். இரண்டு பஸ் மாறவேண்டும். சுத்திகரிப்பு முடிந்ததும் தலைசுற்றும், கால் தளரும். அந்த நிலையிலே பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்புகின்றார்கள். இக் காரணத்தாற் சிலர் முறைநாளைத் தவறவிடுகின்றார்கள். ஆதலாற் சங்கம் ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்தால் நலம். அவ்வளவுதான் கோரிக்கை. அந்த ஆண்டிலேதான் எங்கள் சங்கம் ஒரு வரவேற்பு மண்டபத்தைக் கட்டி முடித்திருந்தது. கொடையாளரின் தாயார் பெயரைப் பொறித்த சலவைக்கல் வாசகம் என்னுடையது.

பிறகு அவர் சற்றுத் தயங்கினார்.

"ஐயா, முந்திய வருஷ அறிக்கையை நீங்கள்தானே எழுதினீர்கள்?"

"ஓம்."

"நல்ல தமிழ், ஐயா. தங்கச்சிக்குப் பேசிவந்த சம்பந்தம் அதோடு நின்றுபோயிற்று. இது பரம்பரை வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், படத்தையும் பெயரையும் போடவேண்டாம் என்று சொல்லியிருப்பேன்."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பவரைப்போலச் சொன்னார். எனக்கு விடை இருக்கவில்லை. அவர் போனபின், நோயாளர் சங்கங்களை நடத்துவோருக்கும் நோயாளருக்கும் பிற நாடுகளிலே எத்தகைய வழக்குகள் எழுந்தன என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தவற்றுட் சில ஈண்டு எழுதத் தக்கவை.

லே கோர்ட் இல்லம்

லியோனாட் செஷயர் என்பவர் இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானப்படையில் விக்டோரியாச் சிலுவை பெற்ற வீரர். 1945 ஓகஸ்ட் 9 இல் நாகசாக்கியில் அணுக்குண்டு வீழ்ந்ததை ஆகாயத்திலிருந்து பார்த்த பிரித்தானியப் பார்வையாளருள் ஒருவர். போர் முடிந்தபின் இங்கிலாந்தின் ஹம்ஷயர் பகுதியிலே லே கோர்ட் என்னும் ஒரு பெரிய வீட்டில் வாழ்ந்தார். 1948 இல் ஆதர் டைக்ஸ் என்னும் புற்றுநோயாளர் போக்கிடமின்றி இருந்தார். வைத்தியசாலை அவருக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்ட காலம். செஷயர் அவரைத் தம் வீட்டுக்குக் கூட்டிவந்து, தம் கையாலேயே பணிவிடை செய்தார். டைக்ஸ் அவ்வாண்டிலேயே இறந்தார். அவரைத் தொடர்ந்து வேறு நோயாளர் வந்தனர். இவ்வாறு ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த பணிவிடையிலிருந்தே செஷயர் இல்லங்கள் தோன்றின. பின்னர் அவை பல நாடுகளிலே பரவின. நம் இலங்கையிலும் எழுந்தன. செஷயரின் அறத்தை எவரும் ஐயுற இடமில்லை.

லே கோர்ட் இல்லத்துக்கு 1956 இல் போல் ஹண்ட் என்னும் இளைஞர் வந்தார். அவர் 1937 இற் பிறந்தவர். தசைத்தேய்வு நோயாளர். அதற்கு முன் சில ஆண்டுகளை நாட்பட்ட நோயாளர் விடுதியிலே கழித்தவர். அவ்விடுதியோடு ஒப்பிட்டால் லே கோர்ட் நல்ல இடமே. ஆயினும், அங்கும் நோயாளரின் நாள் அவர்களுடையதாக இருக்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போவது, வெளியே போகும்போது எவரிடஞ் சொல்லிப் போவது, ஆணும் பெண்ணும் எவ்வளவு பழகலாம் என்பனபோன்ற கருமங்களிலே நிருவாகத்தாருக்கும் இல்லத்தவருக்கும் பூசல் நிகழ்ந்தது. வளர்ந்த மனிதர் தமது படுக்கை நேரத்தைத் தாமே வகுக்கும் உரிமைக்காக ஆண்டுக் கணக்கிலே போராடினர் என்பதை வாசித்தபோது எனக்கு முதலிற் சிரிப்பு வந்தது. மறுகணம், வைத்தியசாலையில் ஒரு மாதங் கிடந்த என் உறவினர் ஒருவர், "விளக்கை அணைக்கிற நேரமாவது என் கையில் இருந்தால் போதும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

நிருவாக சபையிலே தமக்கும் இடம் வேண்டும் என்பது இல்லத்தவரின் பெரிய கோரிக்கை. தம் நிலையை அறிஞர் ஆராய்ந்தால் நியாயம் பிறக்கும் என்று கருதி, இலண்டனிலுள்ள டவிஸ்டொக் நிறுவனத்தாரை நாடினர். மில்லர், குவின் என்னும் ஆராய்ச்சியாளர் வந்து இல்லங்கள் பலவற்றை ஆராய்ந்தனர். அவர்களுடைய நூல் 1972 இல் வெளிவந்தது. அதில் அவர்கள் கண்ட முடிபு யாது? இத்தகைய இல்லத்துட் புகுவோர் சமுதாயத்தைப் பொறுத்தவரையில் இறந்தவராகவே கருதப்படுகின்றனர். சமுதாய மரணத்துக்கும் உடலின் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடக்க உதவுவதே இல்லத்தின் தொழில் என்பதே அம்முடிபு. நடுநிலை என்று அதனைச் சொன்னார்கள். நியாயங் கேட்டுப் போனவர்களுக்கு மரண சாசனம் எழுதிக் கொடுத்ததுபோல ஆயிற்று. ஹண்ட் இவ்வாராய்ச்சியாளரை ஒட்டுண்ணிகள் என்று கடிந்து எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1981 இல் வெளிவந்தது.

1966 இல் ஹண்ட் ஒரு நூலைத் தொகுத்தார். உடல் ஊனமுற்ற பன்னிருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிய கட்டுரைகள் அதில் உள்ளன. 1970 இல் அவர் மணம் முடித்து இல்லத்தை விட்டு வெளியேறினார். 1972 செப்ரெம்பர் 20 இல் அவர் எழுதிய ஒரு சிறு கடிதம் கார்டியன் பத்திரிகையில் வந்தது. இல்லங்களிலே வாழ்பவரின் எண்ணத்தை எவருங் கேட்பதில்லை. பல இடங்களிற் கொடிய ஆட்சி நடக்கின்றது. ஆதலால் அங்கு வாழ்வோரும் இனி வாழ நேர்வோரும் ஒன்றுகூடித் தம் கருத்தைத் தாமே நாட்டுக்குச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அக் கடிதத்திலிருந்தே ஒதுக்கிவைத்தலுக்கெதிரான உடல் ஊனமுற்றோர் ஒன்றியம் பிறந்தது. அதன் உறுப்பினர் தம்முள் எழுதிச் சுற்றுக்கு விட்ட மடல்கள் மறைவாகவே வைக்கப்பட்டன. வெளிவந்தால் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்று அஞ்சினர். அறநிலையத்திலே வாழ்பவர் அறநிலையத்தாருக்கு அஞ்சி மறைவில் எழுதினர் என்னும் செய்தி, தருமம் நடத்துவோர் எல்லாரும் ஒருகாற் சிந்திக்கத் தக்கது.

இக் கதைக்கு ஒரு நல்ல பின்னுரையும் உண்டு. 1979 இல் ஹண்ட் மறைந்தார். அதே ஆண்டிலே லே கோர்ட் இல்லத்தவர் சிலர் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினர். எங்களை இல்லத்தில் வைத்திருப்பதற்கு நீங்கள் செலுத்தும் பணத்தை எங்களிடமே தாருங்கள். நாங்களே வீடு தேடி, உதவியாளரை அமர்த்தி, ஊரவரோடு வாழ்வோம் என்று உள்ளூராட்சியாரைக் கேட்டனர். எத்தனையோ பேச்சுக்குப் பின் அது கைகூடியது. ஒவ்வொருவராக வெளியேறினர். 1996 இல் இவ்வகைக் கொடுப்பனவுக்கு இங்கிலாந்தில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. நிபுணரும் போஷகரும் நெடுங்காலங் காணாத வழியை, கட்டிலிற் கிடந்தவர் கண்டனர்.

கண்ணீரின் விலை

என் மாணவரின் படத்தை நினைக்கும்போதெல்லாம் ஐக்கிய அமெரிக்காவின் ஒரு வரலாறு எனக்கு நினைவுக்கு வரும். ஜெரி லூயிஸ் அந்நாட்டின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். தசைத்தேய்வு நோயாளருக்கான சங்கத்தின் பொருட்டு, 1966 தொடக்கம் ஆண்டுதோறும் தொழிலாளர் தின விடுமுறையில் ஒரு நீண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தினார். மணிக்கணக்காக ஆடலும் பாடலும் நிகழும். இடையிடையே நோயுற்ற குழந்தைகளைக் காட்டுவர். அவர்களை "ஜெரியின் பிள்ளைகள்" என்று அழைப்பர். பார்ப்போர் கண்ணீர் விட்டுப் பணம் அனுப்புவர். அந் நிகழ்ச்சி தன் காலத்திலே இருநூறு கோடி டொலருக்கு மேல் திரட்டியது. அப்பணம் வீண்போகவில்லை. தசைத்தேய்வுக்குக் காரணமான மரபணுவை எண்பதுகளிற் கண்டறிந்த ஆராய்ச்சிக்கு அச்சங்கம் துணைநின்றது.

அப்படியாயின் நோயாளருக்கு என்ன குறை? 1981 இல் எவன் கெம்ப் என்பவர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையிலே அதனை எழுதினார். அவரும் தசை நோயாளர், சட்டத்தரணி. நோயுற்றவர் எல்லாரையுங் குழந்தைகளாகவும் இரங்கத் தக்கவராகவுங் காட்டினால், வளர்ந்த நோயாளருக்கு எவர் தொழில் தருவார், எவர் வீடு தருவார் என்று கேட்டார். ஒரு நாட் கண்ணீருக்குப் பணம் வருகின்றது. எஞ்சிய நாளெல்லாம் அக்கண்ணீரின் விலையை நோயாளர் செலுத்துகின்றனர் என்பதே வழக்கு.

1990 இல் ஜெரி லூயிஸ் தாமே நோயுற்றதாகக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். சக்கர நாற்காலியில் இருப்பவன் அரை மனிதன் என்னும் பொருள்பட அதில் எழுதிவிட்டார். நோயாளர் கொதித்தெழுந்தனர். சிறுவயதில் அதே சங்கத்தின் விளம்பரப் படங்களிலே தோன்றிய உடன்பிறந்தார் இருவர், வளர்ந்தபின் 1991 இல் எதிர்ப்பு அணியைத் தொடங்கினர். தம்மை "ஜெரியின் அநாதைகள்" என்று அழைத்துக்கொண்டனர். சங்கத்தின் தலைமை நெடுங்காலம் இவர்களைப் பொருட்படுத்தவில்லை. நன்றி கெட்டவர் என்ற பேச்சும் எழுந்தது. ஆயினும், காலம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2011 இல் லூயிஸ் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். 2015 இல் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது.

படத்திலே தோன்றிய குழந்தைகள் வளர்வார்கள் என்பதைச் சங்கத்தார் நினைத்திருக்கவில்லை. என் அறிக்கையின் குடும்பத்தில் ஒரு தங்கை இருக்கின்றாள், அவளுக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை நானும் நினைத்திருக்கவில்லை.

சொல்லியும் கேளாதார்

மூன்றாவது ஒரு வரலாறு அண்மைக் காலத்தது. மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ் என்று ஒரு நோய் உண்டு. நாட்பட்ட களைப்பு நோய் என்றும் கூறுவர். சிறிது நடந்தாலும், சிறிது வாசித்தாலுங்கூட, அடுத்த நாள் முழு உடலும் முறிந்துபோகும். முயன்றால் நோய் மிகும் என்பதே இந்நோயின் தனி இயல்பு. இதனை நோயாளர் ஓயாது சொல்லிவந்தனர். ஆனால், படிப்படியாக முயற்சியை மிகுவித்தாற் குணமாகலாம் என்று மருத்துவர் ஒரு சாரார் கருதினர். இங்கிலாந்திலே 2007 இல் வெளிவந்த மருத்துவ வழிகாட்டியும் அதனையே பரிந்துரைத்தது. 641 நோயாளரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிபு 2011 இல் லான்செற் ஏட்டில் வெளியாகி, அக்கருத்துக்கு வலுவூட்டியது. அவ்வாய்வோடு நோயாளருக்கான அறச்சங்கம் ஒன்றும் ஒத்துழைத்தது. எங்கள் பெயரால் நடக்குஞ் சங்கம் எங்கள் அனுபவத்துக்கு மாறான ஆய்வுக்கு எவ்வாறு துணைபோகலாம் என்று நோயாளர் பலர் மனம் புழுங்கினர்.

அவர்கள் புழுங்கியதோடு அமையவில்லை. படுக்கையிற் கிடந்தவாறே ஆய்வின் புள்ளிவிவரங்களைப் படித்தனர். குணமாதல் என்பதற்கு முதலில் வைத்த அளவுகோல் பின்னர்த் தளர்த்தப்பட்டதைக் கண்டனர். மூலத் தரவுகளைத் தருமாறு ஒருவர் சட்டப்படி கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2016 இல் நியாயசபை, தரவுகளைக் கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. முதலில் வகுத்த அளவுகோலாற் கணக்கிட்டபோது, குணமடைந்தோர் தொகை முன்னர்ச் சொன்னதிலும் மிகக் குறைவாகவே இருந்தது. 2021 ஒக்ரோபரில் வழிகாட்டி திருத்தப்பட்டது. படிப்படியாக முயற்சியை மிகுவிக்கும் அச் சிகிச்சை கொடுக்கப்படலாகாது என்று எழுதினர்.

பரிமேலழகர் கூறிய மூன்றாவது இயல்பு இதுவே. நோயாளர் தம் நோயின் நிலையை வன்மையோடு எடுத்துணர்த்தினர். கேட்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அந்த ஆண்டுகளிலே நோய் மிகுந்தவர்களுக்கு எவர் ஈடு செய்வார்?

தலைவர்கள் பக்கத்து நியாயம்

சங்கங்களை நடத்துவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர்களோடு பல ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்தவன் நான். நோயாளர் களைத்திருக்கின்றார்கள், கூட்டத்துக்கு ஒழுங்காக வர இயலாது. உதவி பெறுபவரே பங்கிடுபவராகவும் இருந்தாற் பக்கச்சார்பு நேரும். நோயாளருள்ளும் கட்சிகள் உண்டு. கொடையாளர் நம்பிக்கை கெடப்படாது. இவற்றுள் ஒன்றேனும் பொய்யென்று நான் சொல்லேன்.

ஆனால், இவற்றுக்கு மறுமொழியும் உண்டு. நோயாளர் வர இயலாதாயின் கூட்டத்தை அவர்கள் இருக்குமிடத்துக்குக் கொண்டுபோகலாம். தனக்குரிய உதவியைத் தீர்மானிக்கும் வேளையில் ஓர் அங்கத்தவர் எழுந்து வெளியே நிற்கலாம். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்திலும் இவ்வழக்கம் உண்டு. கட்சி என்பது நோயாளரிடம் மட்டுமா இருக்கின்றது? எங்கள் செயற்குழுவின் கூட்டக் குறிப்பேட்டைப் படித்தவர் அவ்வாறு சொல்லார்.

இடங் கொடாதவிடத்து என்ன நிகழும் என்பதையும் உலகம் கண்டிருக்கின்றது. 1980 இல் கனடாவின் வினிப்பெக் நகரில், ஊனமுற்றோர் மறுவாழ்வுக்கான அனைத்துலக அமைப்பு மாநாடு கூடியது. ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதிகளிலும் பாதிப்பேர் ஊனமுற்றோராக இருத்தல் வேண்டும் என்ற பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. தோற்றவர்கள் தனியே கூடினர். அடுத்த ஆண்டிலே சிங்கப்பூரில் ஊனமுற்றோரின் அனைத்துலக அமைப்பைத் தாமே நிறுவினர். 1983 இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலே எயிட்ஸ் நோயுற்ற ஒரு சிறு குழுவினர், தம்மைப் பலியானோர் என்று அழைக்கவேண்டா என்றும், தமக்குதவும் நிறுவனங்களின் சபைகளிலே தமக்கும் இடம் வேண்டும் என்றும் பிரகடனஞ் செய்தனர். 1994 இல் தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் பிரேசிலிற் கூடித் தமக்கென ஓர் அனைத்துலகச் சங்கத்தைத் தொடங்கினர். அதனைத் தொடங்கியவருள் ஈரோட்டைச் சேர்ந்த பி. கே. கோபால் என்னுந் தமிழரும் ஒருவர், அந்நோயினின்று மீண்டவர். எங்கும் ஒரே கோரிக்கைதான். எங்களுக்காக நடப்பதை எங்களையுங் கேட்டு நடத்துங்கள் என்பதே அது.

நம் இலக்கியத்துக்கு இது புதிதன்று. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமானிடம் பரிசில் பெறச் சென்றார். அதியமான் அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பினான். வறுமையில் வாடிய புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாது கொடுத்த பொருளைக் கொள்வதற்குத் தாம் வாணிகர் அல்லர் என்றார். காணாமற் கொடுக்கும் கொடையிலே பொருள் இருக்கும். பெறுபவனுக்கு அதில் இடம் இராது. புறநானூற்றின் இப்பாட்டையும் நான் பல தரம் படிப்பித்திருக்கின்றேன். புலவரின் பெருமிதம் என்று விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

எழுத்துப் பிழை

எங்கள் சங்கத்தின் யாப்பிலே ஒரு திருத்தத்தை முன்மொழிந்தேன். செயற்குழுவின் பதினொரு இடங்களில் மூன்றை நோயாளருக்கு ஒதுக்குதல், எவருடைய படத்தையும் பெயரையும் அவர் சம்மதமின்றி அச்சிடாதிருத்தல் என்பன அதன் இரண்டு பிரிவுகள். இரண்டாம் பிரிவு நிறைவேறியது. முதலாம் பிரிவு மூன்று கூட்டங்களிலே ஒத்திவைக்கப்பட்டது. நான்காங் கூட்டத்திலே, வாக்குரிமை இன்றி ஒருவர் வந்திருந்து பார்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். தலைவர் என்னைத் தனியே அழைத்து, "பண்டிதர் ஐயா, நீங்களும் இப்படி வெளிக்கிட்டால் சங்கம் என்னாவது?" என்றார். அவர் மனம் நொந்திருந்தது. இருபது ஆண்டுகள் தம் ஓய்வை அச்சங்கத்துக்கே கொடுத்தவர். அவருடைய நோவும் மெய். என் மாணவரின் நோவும் மெய். இந்த ஆண்டு வாழ்த்துப்பா எழுத இயலாது என்று மட்டும் சொல்லிவந்தேன்.

இப்பொழுது சுத்திகரிப்பு நாள்களிலே, வைத்தியசாலை வளவிலுள்ள வேப்பமரத்தின் கீழ் நோயாளர் சிலர் கூடுகின்றார்கள். முறைக்குக் காத்திருக்கும் நேரந்தான் அவர்களுடைய கூட்ட நேரம். எவர் எவ்வூரிலிருந்து வருகின்றார், எத்தனை மணிக்குப் புறப்படுகின்றார், எந்த மாதம் எத்தனை முறைநாள் தவறிற்று, என்ன காரணத்தாலே தவறிற்று என்று ஓர் அப்பியாசப் புத்தகத்திலே பதிந்து வருகின்றார்கள். வாகனத்துக்கான விண்ணப்பத்தை அதைக்கொண்டு அவர்களே எழுதினார்கள். சங்கத்துக்கு ஒரு பிரதி; பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி.

அனுப்புமுன் என் மாணவர் அதனை என்னிடம் கொண்டுவந்தார்.

"ஐயா, தமிழ் சரியோ என்று ஒருக்கால் பாருங்கள்."

வாசித்தேன். சில இடங்களில் வசனம் நெளிந்திருந்தது. பழைய பழக்கத்தாற் கை துடித்தது. உருக்கமாக ஒரு தொடக்கம் எழுதலாம். அன்னையின் கண்ணீரை ஓரிடத்திற் சேர்க்கலாம். சேர்க்கவில்லை. இரண்டு ளகரத்தையும் ஓர் ஒற்றையும் திருத்தினேன். தேதியின்கீழ் விடுபட்ட ஒரு கையொப்பத்தைக் காட்டினேன். மிகுதி எல்லாம் அவர்கள் எழுதியபடியே போயிற்று.